எட்டுக் கல், மூன்று

மாடசாமி விழுந்து செத்த இடத்தில் அவருக்கு முன்னாலேயே மூன்று பேர் விழுந்திருந்தார்கள்.

மூன்று பேரும் சாக்குகள்.

"ஷுக்ரி நானா, இங்க வாங்க. பிணத்துக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க" என்று பள்ளத்திலிருந்து கூப்பிட்டாள் பாக்கியலெட்சுமி.

ஷுக்ரி உண்ணிப் புதரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஆயுள் காப்புறுதிக் கம்பெனிக்காகச் சந்தேகச் சாவுகளை விசாரித்துவிட்டு, இப்போது பதுளைக் கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே சொந்தமாகப் பலகை மாட்டியிருக்கிறார். பாக்கியலெட்சுமி அவருடைய உதவியாள். பசறைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பண்டாரவளை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். ஒரு பெரிய மனிதர் போனில் சொன்ன பொய்யை நடுவில் புகுந்து திருத்தியதால் அந்த வேலை போனது.

"கால்ல அட்டை ஏறுது நானா."

"உன் ரத்தத்தைக் குடிச்சா அதுவும் வாயாடியாயிடும். சாக்கைக் காட்டு."

இரண்டு சாக்குகள் பாறையில் மோதிக் கிழிந்து ஆற்றுக் கற்களைக் கக்கியிருந்தன. மூன்றாவது, புதரில் மாட்டிக்கொண்டதால் முழுசாகத் தப்பியிருந்தது. மூன்றின் கழுத்திலும் ஒரே மாதிரி அட்டைச் சீட்டு. மூன்றிலும் ஒரே எழுத்து: 8 – 3.

தலைக்கு மேலே, எண்பது அடி உயரத்தில், மூடுபனிக்குள் கம்பி தெரிந்தது.

ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் வெள்ளப்பாறைத் தோட்டத்தின் புதுப் பெருமை அந்தக் கம்பிதான். மலை உச்சியிலுள்ள மேல்பிரிவான மேல்கணக்கில் பறித்த தேயிலைக் கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொக்கியில் மாட்டினால் போதும். சாக்கு தானாக மலையிறங்கி, ஐந்து தூண்களைத் தாண்டி, ஃபெக்டரிக்கு வந்ததும் கொக்கி தானாகத் திறந்து, சாக்கு தானாக உள்ளே விழும். ஆள் வேண்டாம். சனிக்கிழமை கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து திறந்துவைப்பதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் மேல்கணக்கு மாடசாமி, தொழிற்சங்கத் தலைவர், மூன்றாவது தூணுக்குக் கீழே பிணமாகக் கிடந்தார். குடித்துவிட்டு விளையாட்டுக்குக் கம்பியில் தொங்கினான், விழுந்தான் என்றது தோட்ட நிர்வாகம். மரண விசாரணை நாளைக்கு. மாடசாமி வாழ்க்கையில் குடித்ததேயில்லை என்று சொல்லிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறி வந்தவள் அவருடைய மனைவி ராசம்மா.

ஷுக்ரி ஒரு சீட்டை அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு மனுசன் விழுந்தா விபத்துன்னு சொல்லலாம். அதே இடத்துல மூணு சாக்கும் விழுந்திருந்தா அது என்ன பாக்கியம்?"

"ஒத்திகை" என்றாள் அவள். இந்த முறை சிரிக்கவில்லை.

* * *

மேல்கணக்கில் கம்பி தொடங்கும் தகரக் கொட்டகையில் முருகையா நின்றிருந்தான். சாக்கைக் கொக்கியில் மாட்டி பிரேக்கைத் தளர்த்திவிடுவது அவன் வேலை. இரண்டு பேரையும் பார்த்ததும் அவன் கண்கள் தரையைத் தேடின.

"போலீசுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் ஷுக்ரி.

"நான் வரும்போது அவரு இல்லீங்க. தானே தொங்கிட்டுப் போயிருப்பாருன்னு..."

"பிரேக்கைத் தளர்த்தாம கம்பி நகராது. தொங்கிக்கிட்டே பிரேக்கைத் தளர்த்த அவருக்கு மூணு கையா?"

பாக்கியலெட்சுமி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அண்ணே, பொய்யிலே நூறு வகை கேட்டவ நான். உங்களுது பயந்த பொய். கெட்ட பொய் இல்ல. சொல்லிடுங்க."

அவன் முகம் உடைந்தது.

"நான்தாங்க அவரைப் படுக்கையில வச்சு மாட்டிவிட்டேன். என் கையாலதான். சிரிச்சுக்கிட்டே வந்தாருங்க. 'நோயாளி மாதிரி படுக்கப் போறேன், மெதுவா விடு முருகையா'ன்னாரு."

"நோயாளியா?"

"அவரு தங்கச்சி நல்லம்மா, நாலு மாசத்துக்கு முன்னால பிரசவ வலியில செத்துப் போச்சுங்க. டோலியில தூக்கிக்கிட்டு எறங்கினோம். பாதி வழிதான். அன்னையிலேருந்து இவரு இதே பேச்சு. கொழுந்து பத்து நிமிசத்துல எறங்குது, மனுசி எறங்க நாலு மணி நேரமான்னு. அப்புறம் போன வாரம் வந்து, கம்பியில நோயாளியையும் எறக்கலாம், ரகசியமா சோதனை பார்க்கப் போறோம்னாரு. தொரைமாருக்கு முன்கூட்டியே தெரிஞ்சா நிப்பாட்டிடுவாங்களாம். சோதனை சரியா வந்தா அப்புறம் மறுக்க முடியாதாம்."

"யார் சொன்ன யோசனை?"

"சொல்லலீங்க. சத்தியம் வாங்கியிருந்தாங்களாம்."

ஷுக்ரி சீட்டை எடுத்து நீட்டினார். முருகையா தலையை ஆட்டினான்.

"அவரு எழுத்துதாங்க. ஞாயித்துக்கிழமை அவரே கல்லு பொறுக்கி, கொழுந்து மடுவத் தராசுல நிறுத்து, மூணு சாக்கு கட்டினாரு. எதுக்குன்னேன். ஆளை அனுப்பறதுக்கு முன்னால மாதிரிக்குச் சாக்கை அனுப்பிப் பார்க்கணும்னாரு. ஒண்ணு ஒண்ணா விட்டோம். சாக்கு கீழ போய்ச் சேர்ந்தா கீழயிருந்து ஒரு மணி அடிக்கும். அடிச்சிதுங்க. மூணு தடவையும் அடிச்சிது. அவரு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு."

"செவ்வாய்க்கிழமை?"

"ஃபெக்டரி திறக்கறதுக்கு முன்னால, விடியக் காலையில விட்டேன். அன்னைக்கும் அடிச்சிதுங்க. ஒரு மணி. போய்ச் சேர்ந்துட்டாருன்னு நான் டீ போடப் போனேன்."

கொட்டகைக்கு வெளியே வந்ததும் பாக்கியலெட்சுமி மூக்கைச் சிந்தினாள்.

"தன் சாவுக்குத் தானே கல்லு பொறுக்கியிருக்காரு நானா."

"ஆமா. சாக்கெல்லாம் பள்ளத்துல விழ, கீழ நின்னு ஒருத்தன் 'வந்துடுச்சு, வந்துடுச்சு'ன்னு மணி அடிச்சிருக்கான். நமக்கு வேண்டியது அந்தக் கை."

* * *

ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் சந்தனம் குட்டையான, கோபக்கார மனிதர். தன் கம்பியைச் சந்தேகப்பட்டதற்காகவே அவருக்கு இவர்களைப் பிடிக்கவில்லை. சோதனைப் புத்தகத்தை மேசையில் ஓங்கிப் போட்டார்.

"பாருங்க. ஆறு வாரம். காஞ்ச கொழுந்து, மழையில நனைஞ்ச கொழுந்து, அரைச் சாக்கு, கிழிஞ்ச சாக்கு, வெறும் கொக்கி, கோணலா மாட்டின சாக்கு. என்னென்ன தப்பு நடக்குமோ அத்தனையும் நானே செய்து பார்த்தேன். நூத்தி நாப்பது தடவை. ஒண்ணும் விழல."

"ரொம்ப பாரம் போட்டா?" என்றார் ஷுக்ரி.

சந்தனத்தின் முகத்தில் பெருமை வந்தது. "அதுக்கும் வழி வச்சிருக்கோம். நாப்பது கிலோவுக்கு மேல போனா கம்பி தொய்யும். முதல் தூண்ல ஒரு இரும்புக் கை நீட்டிக்கிட்டு இருக்கு. தொய்ஞ்ச கொக்கி அதுல இடிச்சுத் திறந்துக்கும். சாக்கு மட்டும் விழும், கம்பி தப்பிக்கும். முதல் தூண் தரையோட தரையா இருக்கு, அங்க விழுந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அந்தக் கையைக் கழற்றி மூணாவது தூண்ல மாட்ட முடியுமா?"

"நாலு நட்டு. ஒரு ஸ்பேனர் இருந்தா..." சந்தனம் நிறுத்தினார். கோபம் வடிந்து முகம் வெளுத்தது. "யார் செய்வா அப்படி? அங்க கீழ எண்பது அடி!"

"மூணாவது தூண்ல நாலு ஓட்டையைச் சுத்திப் பெயின்ட் புதுசா உரிஞ்சிருக்கு. பார்த்துட்டுத்தான் வர்றேன். கையைத் திரும்ப முதல் தூணுக்கே கொண்டுபோயிட்டாங்க. மூணாவதுல அது இருந்தா லேசான சாக்கெல்லாம் ஒழுங்கா வரும். ஆள் பாரம் வந்தா மட்டும் விழும்." ஷுக்ரி சீட்டை மேசையில் வைத்தார். "இது என்ன?"

சந்தனம் பார்த்தார். "எட்டு, மூணு. எட்டு பெரிய கல்லு, மூணு சின்னக் கல்லு. கல் சாக்குன்னா நாங்க அப்படித்தான் குறிப்போம்."

பாக்கியலெட்சுமியும் ஷுக்ரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சட்டென்று பதில் சொல்கிற ஆள். மணி தொங்குவது இவருடைய வாசலில்.

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் அவள்.

"வெலிமடையில. என் மச்சினி கல்யாணம். முந்நூறு பேர் சாட்சி. சாப்பாடு நல்லா இல்லைன்னு நான் போட்ட சண்டைக்கே முந்நூறு பேரும் சாட்சி."

அது அவள் நம்பக்கூடிய பதிலாக இருந்தது.

பள்ளத்தில் தப்பிய மூன்றாவது சாக்கை இரண்டு பேர் தூக்கி வந்திருந்தார்கள். ஷுக்ரி அவிழ்க்கச் சொன்னார். பாக்கியலெட்சுமி தரையில் குந்தி எண்ணினாள்.

"பத்தொன்பது. எல்லாம் ஒரே அளவு. எட்டும் இல்ல, மூணும் இல்ல. டீமேக்கர் ஐயா, உங்க கணக்குக்கு இந்தக் கல்லுங்க ஒத்து வரமாட்டேங்குது."

"திரும்ப அள்ளிப் போட்டுத் தராசுல வை" என்றார் ஷுக்ரி.

கொழுந்து நிறுக்கும் தராசின் முள் ஐம்பத்திரண்டு கிலோவில் நின்றது.

ஷுக்ரி நீண்ட நேரம் அந்த முள்ளைப் பார்த்தார். பிறகு விரலால் காற்றில் ஏதோ பெருக்கினார்.

"உங்க மூக்கு செவக்குது நானா. குளிரா, மூளையா?"

"ஐம்பத்திரண்டு கிலோ, நூற்றிப் பதினைஞ்சு இறாத்தல். அதை எட்டுக்கு மூணுன்னு எழுதணும்னா எப்படி எழுதலாம்? இருபது வருசம் இன்சூரன்ஸ் ஃபாரம் நிரப்பினேன் பாக்கியம். அதுல ஒரு கேள்வி, 'உங்கள் எடை என்ன?' கிலோவிலயும் கேக்க மாட்டான், இறாத்தல்லயும் கேக்க மாட்டான். ஆளை நிறுக்க மட்டும் இங்கிலீஸ்காரன் தனியா ஓர் அளவு வச்சிருந்தான். பதினாலு இறாத்தல் சேர்ந்தா ஒண்ணு. அதுக்கு அவன் வச்ச பேர் ஸ்டோன்."

"ஸ்டோன்னா... கல்லு!"

"சந்தனம் ஐயா சொன்னது சரி. எட்டுக் கல், மூணு இறாத்தல். சாக்குக்குள்ள கிடக்கிற கல் இல்ல, தராசுல ஓடுற கல். இது சாக்கோட எடை இல்ல, மாடசாமியோட எடை. இந்தத் தோட்டத்துல கொழுந்து நிறுக்கிற தராசெல்லாம் கிலோவுக்கு மாறிடுச்சு. மாறாத தராசு எது?"

சந்தனம் மெதுவாகத் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். மணி தொங்கும் வாசலிலிருந்து இருபது அடி தள்ளி, வெள்ளையடித்த சிறு கட்டிடம். வாசலில் கைக்குழந்தைகளோடு நாலைந்து பெண்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி.

"டொக்டர் ஐயாவா?" என்றார் சந்தனம். "செத்தாலும் நம்பமாட்டேன். செத்த வீட்டுக்கு முதல் மாலை அவரோடது."

* * *

ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் குலசேகரத்தைத் தோட்டத்தில் எல்லோரும் டொக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நரைத்த தலை, சுத்தமான வெள்ளைக் கோட்டு, மென்மையான பேச்சு. பெண்களை அனுப்பிவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். ஷுக்ரி சொல்லி வரவழைத்திருந்த சார்ஜன்ட் கதவருகே நின்றார். அவருக்குப் பின்னால் ராசம்மா.

"எங்க பாக்கியத்தை ஒருக்கா நிறுத்துப் பாருங்களேன்" என்றார் ஷுக்ரி. "ரொம்ப மெலிஞ்சுட்டா."

"என்ன நானா, எனக்கு மாப்பிள்ளை பார்க்கறீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அவள் மூலையிலிருந்த இரும்புத் தராசில் ஏறினாள்.

குலசேகரம் பித்தளைக் குண்டை நகர்த்தினார். "ஏழு ஸ்டோன், பதினொன்று. மெலியவில்லை, நல்ல எடை."

"மாடசாமி எட்டு, மூணு" என்றார் ஷுக்ரி.

பித்தளைக் குண்டின் மேலிருந்த விரல் அசையவில்லை.

"போன சனிக்கிழமை உங்க பதிவுப் புத்தகத்துல இருக்கும். நோயாளியைக் கம்பியில எறக்கலாம்னு யோசனை சொன்னது நீங்க. அவரை நிறுத்து, கிலோவுக்கு மாத்திச் சொல்லி, அதே எடைக்குச் சாக்கு கட்டச் சொன்னது நீங்க. இரும்புக் கையை மூணாவது தூணுக்கு மாத்தி, மூணு சாக்கும் தப்பாம விழுதான்னு பார்த்ததும் நீங்க. மணி அடிச்சதும், விழுந்த படுக்கையை எடுத்து மறைச்சதும் நீங்க."

"ஆளை நிறுப்பது என் வேலை. அது குற்றமா?" என்றார் குலசேகரம் நிதானமாக. "அவனைக் கொல்ல எனக்கு என்ன காரணம்?"

"நல்லம்மா" என்றாள் ராசம்மா கதவருகிலிருந்து. "ரெண்டு தடவை ஆள் அனுப்பினோம். நீங்க வரல."

"அன்றைக்கு நான் வேறு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அவன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, என் புத்தகம்தான்..."

"எந்தக் கடிதம்?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி தராசிலிருந்து இறங்காமலே. "நாங்க கடிதத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே."

வெளியே ஒரு குழந்தை இருமியது.

ராசம்மா இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "பதுளை லேபர் ஆபீசுக்கு எழுதினாரு. பெட்டிக்குள்ள இருந்துச்சு. இந்த அம்மா ஏதும் காகிதம் இருக்கான்னு கேட்டதால தேடினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது."

ஷுக்ரி வாங்கி, முதலில் தனக்குள் வாசித்தார். அவருடைய முகம் மாறியதைப் பாக்கியலெட்சுமி கவனித்தாள். இருபது வருஷ வேலையில் அவர் பார்க்காத சாவு இல்லை. இருந்தும் அவர் இன்னொரு முறை வாசித்துவிட்டுத்தான் சத்தமாகப் படித்தார்.

"'மேல்கணக்குத் தொழிலாளர்கள் சார்பில் எழுதுவது. என் தங்கை பிரசவத்தில் இறந்துபோனாள். இதில் யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் டொக்டர் குலசேகரம் ஐயா நல்லவர். அன்றைக்கு அவர் வேறு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். ஒரு மனிதர் எத்தனை மலைதான் ஏறுவார்? அவருக்கு ஒரு வாகனம் கொடுக்க வேண்டும். மேல்கணக்கில் ஓர் அறையும் இரண்டு கட்டிலும் வேண்டும். கம்பியில் நோயாளியை இறக்கும் சோதனையை நானே செய்து பார்த்து...' இதோட நிக்குது."

குலசேகரம் கையை நீட்டினார். தாளை வாங்க அல்ல. பிடித்துக்கொள்ள ஏதாவது தேடி. மேசை தட்டுப்பட்டது.

"பதுளைக்கு எழுதப் போகிறான் என்றார்கள்" என்றார். குரலிலிருந்த மென்மை போய்விட்டது. "நல்லம்மாவைப் பற்றி எழுதுகிறான் என்றார்கள். அன்றைக்கு நான் எங்கேயும் போகவில்லை. இந்தக் கட்டிலில்தான் கிடந்தேன். குடித்திருந்தேன். விசாரணை வந்தால் வேலை போகும், மறியலில் அடைப்பார்கள்... அவன் அப்படித்தான் எழுதியிருப்பான் என்று நினைத்தேன்."

"நீங்க பார்க்காத சோதனை அது ஒண்ணுதான்" என்றார் ஷுக்ரி. "அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சார்ஜன்ட் முன்னால் வந்தார். ராசம்மா வழிவிடவில்லை.

"விழும்போது கத்தினாராய்யா?"

குலசேகரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க மணிக்குப் பக்கத்துல நின்னீங்க. உங்களுக்குக் கேட்டிருக்கும். சொல்லுங்க."

"உடனே விழவில்லை" என்றார் அவர். "கொக்கி திறந்ததும் படுக்கை விழுந்துவிட்டது. அவன் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்."

"என்ன சொன்னாரு?"

"என்னைத்தான் கூப்பிட்டான். 'டொக்டர் ஐயா, கொக்கியில கோளாறு, நோயாளி யாரையும் அனுப்பிடாதீங்க' என்று."

பாக்கியலெட்சுமி தராசிலிருந்து இறங்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

ராசம்மா அழுவாள் என்று ஷுக்ரி நினைத்தார். அவள் அழவில்லை. அவர் கையிலிருந்த தாளை வாங்கி மேசையில் விரித்தாள். உள்ளங்கையால் மடிப்பை நீவினாள்.

"பாக்கியம், இதுல இவரு பேரு எந்த இடத்துல இருக்கு?"

பாக்கியலெட்சுமி விரல் வைத்துக் காட்டினாள். ராசம்மா நகத்தால் அந்த இடத்தைக் கீறி, மற்ற எழுத்து கிழியாமல், கொழுந்து கிள்ளுகிற மாதிரி பதமாக அந்த ஒரு பேரை மட்டும் கிழித்தெடுத்தாள். அதைக் குலசேகரத்தின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

அது போலீசுக்கு வேண்டிய சாட்சி. ஷுக்ரி வாயைத் திறந்தார். பிறகு சார்ஜன்டைப் பார்த்தார். சார்ஜன்ட் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவில் ஓட்டை விழுந்த தாளை ராசம்மா ஷுக்ரியிடம் நீட்டினாள்.

"மிச்சத்தைத் தபால்ல போடுங்க. மேல்கணக்குல இப்ப மூணு பேரு முழுகாம இருக்காங்க. கட்டில் வேணும்."